பத்து மணிக்கு மேல் மைக் செட்

கேள்வி: ஆடி பிறந்தால் எங்கள் தெருவில் விடிய விடிய மைக் செட். கேட்டால், “சாமி காரியத்தைத் தடுக்கிறீங்களா?” என்கிறார்கள். இதற்குச் சட்டமே இல்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி போடக் கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தலாம்; அதுவும் வருடத்தில் 15 நாள்தான், நள்ளிரவு 12 மணி வரைதான். ஆக, ‘விடிய விடிய’ என்பதற்கு யாரும் அனுமதி தர முடியாது. கேட்க விரும்பாதவர் காதில் சத்தத்தைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2005-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். நாம் சாதாரணமாகப் பேசுவதே 60-ஐத் தொடும்! ஜன்னலுக்கு நேராக மின்கம்பத்தில் கட்டிய கூம்புக் குழாய் அலறினால் அலமாரித் தட்டெல்லாம் அதிரும். கைக்குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு வீறிடும். மனசுக்குள் வேண்டினாலே கேட்கிற அம்மனுக்கு எதற்கு மைக்? அந்தக் குழந்தையைத் தூங்க விடுவதும் சாமி காரியம்தான்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே நாலைந்து வீட்டார் கையெழுத்திட்டுக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். மனு ரசீதை மறக்காமல் வாங்குங்கள். பத்து மணி தாண்டியும் பாட்டு ஓடினால் 100-ஐ அழையுங்கள்.