தேர்ச்சி விழுக்காட்டின் திருச்சமூகத்திற்கு

பெறுநர்: மாட்சிமை தங்கிய தேர்ச்சி விழுக்காடு அவர்கள், தருமபுரி மாவட்டம்.
பொருள்: பத்தாம் வகுப்புக் கணக்கும் தசமப் புள்ளியின் பாதுகாப்பும்.

பெருந்தகையீர்,

அதியமான் ஆண்ட தகடூராகிய தருமபுரியை இன்று ஆள்வது தாங்களே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அரையாண்டுக் கணக்குத் தேர்வில் 34 பெற்ற மாணவி ஒருத்தியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, அவள் மதிப்பெண்ணை ஒலிபெருக்கியில் வாசித்ததும் தங்கள் தசமப் புள்ளி சரியாமல் காக்கும் பொருட்டே அன்றோ! அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தான். தாங்கள் தேர்ச்சிக்கு வேண்டிய 35 ஈகிறீர்கள், அதுவும் 34 பெற்றவர்க்கு இல்லை.

கணித அச்சம் என்பது, கணக்கைக் கண்டதும் எழும் பதற்றம் சிந்தனையையே முடக்கும் நிலையாகும். அப்பதற்றம் செயல் நினைவை, அதாவது கணக்குப் போடுகையில் இடைவிடைகளை மனத்தில் ஏந்தி நிற்கும் திறனை, விழுங்கிவிடுவதை ஆய்வாளர்கள் ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகியோர் 2001இல் காட்டினர். ஆகவே ஒலிபெருக்கி எவ்வளவு உரக்க முழங்குகிறதோ அவ்வளவுக்குத் தசமப் புள்ளியும் சரியும்.

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005க்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, குழந்தைகளின் அச்சத்தையும் தோல்வியுணர்வையும் கணிதக் கல்வியின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாகக் குறித்தது. தங்கள் ஆட்சியோ எளிய மருந்தைக் கண்டது: 'மெல்லக் கற்போர்' எனப் பெயரிட்டுத் தனியே அமர்த்தி, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் உரிய 16 மதிப்பெண்ணையும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14ஐயும் உருப்போட வைத்தால், கணக்கைக் கற்பிக்காமலே 30 வந்துவிடும், எஞ்சிய ஐந்தைத் தசமப் புள்ளியின் அருள் பார்த்துக்கொள்ளும்.

பதினைந்து வயதுப் பெண்ணை ஊரறிய நாணவைப்பது கற்பித்தல் அன்று, கொடுமை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசியில் நின்ற மாவட்டத்தில், வீட்டிலிருந்து முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளையைப் பள்ளியே விரட்டுவதற்குப் பெயர் நிர்வாகமா? பொறுத்தருள்க, சினம் தசமப் புள்ளியைத் தாண்டிவிட்டது.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தம் கவலைகளை எழுதவிட்டால், பதற்றம் மிகுந்த மாணவரின் மதிப்பெண் உயர்வதை ஆய்வாளர்கள் ராமிரெஸ், பெய்லாக் ஆகியோர் 2011இல் காட்டினர். அதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். மதிப்பெண்ணை மாணவரிடம் தனியே சொல்வதற்கும், பிழையான விடையைப் பெயர் குறிக்காமல் கரும்பலகையில் எழுதி, வழி எங்கே பிசகியது என வகுப்பே ஆராய்வதற்கும் அரசாணை வேண்டியதில்லை. இவற்றால் தாங்கள் உயரவும் கூடும். உயராவிடில், பிள்ளைகள் கணக்கைக் கற்றுக்கொண்டுவிட்ட சிறு குற்றத்தைப் பெருந்தன்மையுடன் மன்னித்தருள வேண்டும்.

இப்படிக்கு,
முழு எண்ணாக்கும்போது விடுபட்டோர்