கிளிப்பு அண்ணாச்சி

விருதுநகர் பங்குனிப் பொங்கல், சிவகாசி சித்திரைப் பொங்கல் என்று எந்தக் கச்சேரி மேடையானாலும் அவர் இருப்பார். பகலில் ஆப்செட் அச்சகத்தில் காலண்டர் வேலை. இரவில் தோளில் கிடார். அதன் கழுத்தைக் கவ்விக்கொண்டு ஒரு கேப்போ. ஊர் அதைக் 'கிளிப்பு' என்றது. பிறகு அவரையும் அப்படியே அழைத்தது.

அண்ணாச்சிக்குத் தெரிந்த பிடிகள் நாலு: ஜி, சி, டி, ஈ மைனர். எஃப் மட்டும் ஆகாது. ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒருசேர அமுக்கச் சொல்லும் பிடி அது. பேப்பர் கட்டு தூக்கிப் பழகிய கையே அசந்துவிடும். அந்த விரலுக்குக் கூலியாள்தான் கேப்போ. ஒரு ஃப்ரெட் தள்ளிக் கவ்வினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும், பிடி மாறாது.

இங்கே சுருதிக்குக் கட்டைக் கணக்கு. சி என்றால் 1, டி 2, ஜி 5; 'அரை' என்றால் அதற்கடுத்த கறுப்புக் கட்டை. சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாத தாஸ் (1886–1940) நடித்த நாடக மேடைகளில் ஆர்மோனியப் பெட்டி விட்டுப்போன பழக்கம். பாடகி 'அஞ்சரை' என்றால் ஜி பிடி, முதல் ஃப்ரெட். 'ஆறரை' என்றால் மூன்றாவது. அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கிளிப்பு கவ்வியிருக்கும்.

"அண்ணாச்சி, மூணரைக் கட்டை குடுங்க" என்றார் ஒரு புதுப் பாடகர்.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டையே கிடையாது. ஈ-க்கு அடுத்தது நேராக எஃப். அண்ணாச்சி முகம் மாறாமல் சி பிடியில், நாலாவது ஃப்ரெட்டில் கவ்வினார். அது சுத்தமான மூன்று. "ஆங், இதேதான்!" என்றார் பாடகர்.

உண்மையான கண்டம், இறக்கச் சொல்லும்போதுதான். கேப்போ ஏற்றும், இறக்காது. வெறும் ஜி-யில் போகும் பாட்டை அரைக் கட்டை இறக்க, டி பிடிக்கு மாறி நாலாவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் பல்லவி முடிந்துவிடும். கீபோர்டுக்காரரோ ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டிவிட்டு டீயை உறிஞ்சுவார்.

இளவட்டங்கள் கேலி பேசினால் ஜார்ஜ் ஹாரிசனை இழுப்பார். 1969-இல் பீட்டில்ஸின் 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டுக்கு ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ, டி பிடி. "ரவிசங்கர்கிட்ட சிதார் படிச்சவரே போட்டாரு, நான் போட்டா என்னலே?" நியாயம்தான். ஹாரிசனுக்கு எஃப்-உம் தெரியும் என்று எதிர்த்துச் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

மறுவருஷம் அதே பாடகர், அதே பாட்டு. மேடையில் கேப்போவின் ஸ்பிரிங் தெறித்துவிட்டது. அண்ணாச்சி சட்டைப்பைப் பென்சிலை நாலாவது ஃப்ரெட்டில் குறுக்கே வைத்து, காலண்டர் சுருட்டும் ரப்பர் பேண்டால் வரிந்து இறுக்கினார். பழைய கிடார் உபாயம். அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். ஏறியது. மூன்றைத் தாண்டி, நாலை எட்டாமல் நின்றது.

பாடகர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"போன வருஷம் கேட்டியே தம்பி, மூணரை... இன்னைக்குத்தான் வந்து இறங்கியிருக்கு."