நாயோட திம்பம் போற தம்பிக்கு

ஏந் தம்பி, திம்பத்துக்கு நாயையும் கூட்டீட்டுப் போறீங்களாமா? நல்ல காரியம். அடுக்குமாடி ஊட்டுல ஏசியிலயே கெடக்குற சீவன், 27 கொண்டை ஊசி வளைவு ஏறி அதுவுந்தான் காத்து வாங்கட்டுமே. பண்ணாரியம்மனைக் கும்பிட்டுட்டுக் கெளம்புங்க. வழியில வாந்தி எடுத்தா சீட்டைத் தொடைச்சுக்கலாம்.

வண்டிய விட்டு எறங்காதீங்கன்னு போர்டு வச்சிருப்பாங்க. அது எங்களாட்டம் படிக்காதவங்களுக்கு. நீங்க ஓரங்கட்டி, கயித்த அவுத்து உடுங்க. மூங்கில் பொதருக்குப் பின்னால ஆனை நிக்கும். உங்களுக்குத் தெரியாது, நாய்க்குத் தெரிஞ்சுரும். கொலைக்கும். ஆனைக்கு நாய்ச் சத்தம் ஆகவே ஆகாது, அதுலயும் குட்டியோட நின்னா கேக்கவே வேண்டாம். காத விரிச்சு அது நாலு எட்டு வச்சதும் உங்க வீரன் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடியாருவான். எங்கே? சோறு போட்ட எசமான் காலடிக்குத்தான். பொறகாலயே ஆனையும் வரும். செல்பிக்கு ரொம்பத் தள்ளி நிக்குதேன்னு கவலையே வேண்டாம்.

சிறுத்தைக்கும் உங்க மேல கோவமில்லை. பாவம், அது ராத்திரி ஊருக்குள்ள வந்து, திண்ணையில படுத்த நாயத் தூக்கீட்டுப் போக என்ன பாடு படுது! நீங்களோ எடத்துக்கே கொண்டாந்து குடுக்கறீங்க. அதுவும் பிஸ்கட் தின்னு வளந்த ஒடம்பு.

உங்க நாய் மொசலைத் தொரத்துச்சுன்னா, 'சும்மா வெளையாடுதுங்க சார்'னு பாரஸ்டர்கிட்டச் சொல்லிப் பாருங்க. 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துல வெரட்டறதும் வேட்டைக் கணக்குலதான் வருது. எங்கூட்டுச் சிப்பிப்பாறை நாய்க்கு ஒரு சட்டம், உங்கூட்டு லேப்ரடாருக்கு ஒரு சட்டம்னு பிரிச்செல்லாம் எழுதலை.

கிண்டலை உட்டுட்டு ஒண்ணு சொல்றேன். குசராத்துல கிர் காட்டுல 2018ல 20க்கு மேல சிங்கம் செத்துப்போச்சு. அதுல பலதோட ஒடம்புல நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் கிருமி இருந்துச்சு. நம்ம காட்டுச் செந்நாய்க்கும் அது தொத்தும். அதுகளுக்கு ஊசி போட ஆரு போறது? உங்க நாய் ஒரு மரத்தடியில காலைத் தூக்கீட்டுப் போயிரும். மோந்து பாக்க வர்றது செந்நாயில்லீங்களா?

திம்பம் காடு புலிகள் காப்பகம், அதுக்குள்ள வளப்பு நாய்க்கு எடமில்லை. எங்கூட்டுல கட்டீட்டுப் போறேன்னும் கேக்காதீங்க, திண்ணைக்குச் சிறுத்தை வருது. கோயமுத்தூர்லயே சொந்தக்காரங்க ஊட்டுல உட்டுட்டு, நீங்க மட்டும் வாங்க.