விசை விகாரம்: சிந்தாதிரிப்பேட்டை மடிக்கணினிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை

இவ்வாய்வின் நில எல்லை, கூவம் வளைத்துப் பிடித்திருக்கும் சிந்தாதிரிப்பேட்டையும் அதையொட்டிய ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு வட்டாரமும். கருவி எல்லை, லினக்ஸ் ஓடும் மடிக்கணினி. கால எல்லை, விசைப்பலகையில் முதல் டீ சிந்திய நாள் தொடங்கிக் கடைக்காரர் ‘மாத்திடலாம் சார்’ என்று சொல்லும் நாள் வரை. மேசைக் கணினிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவற்றின் விசைப்பலகை கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செருகிவிடுகிறார்கள். சிந்தனைக்கு அங்கே வேலையில்லை.

இந்தப் பேட்டையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டுமென்று, சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. விசைப்பலகையும் நெசவுதான். விசைகளுக்கு அடியிலுள்ள சவ்வுத் தாளில் நெடுக்கே சில தடங்கள், குறுக்கே சில தடங்கள். பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஓர் எழுத்து. ஆகவே ஓரிழை அறுந்தால் ஓரெழுத்தோடு போவதில்லை. பலகையின் நாலு மூலையில் கிடக்கும், ஒன்றுக்கொன்று உறவில்லாத விசைகள் ஒரே நாளில் வாய் மூடிக்கொள்ளும். பாமரர் இதை வைரஸ் என்பர்.

கூவமே காரணம் என்பாரும் உளர். சவ்வுத் தாளின் தடங்கள் வெள்ளி கலந்த மையால் அச்சிடப்பட்டவை. வெள்ளியைக் கறுக்க வைப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கூவத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முடிவு தானாக வருவதுபோல் தோன்றும். அற்றன்று. டீயை விசாரிக்காமல் ஆற்றின்மேல் பழிபோடுவது ஆய்வு முறையாகாது.

வகைப்பாடு

புணர்ச்சியில் எழுத்துகள் அடையும் விகாரம் மூன்று என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார்: தோன்றல், திரிதல், கெடுதல். மடிக்கணினியைப் பார்க்காமலே அதன் பழுதுகளை இவ்வளவு துல்லியமாக வேறெவரும் வகுக்கவில்லை. அடிக்காத எழுத்து வந்தால் தோன்றல். அடித்தது ஒன்றும் வந்தது வேறுமானால் திரிதல். அடித்தும் வராவிட்டால் கெடுதல். மூன்றும் ஒரே மடிக்கணினியில் கூடுவது உண்டு. அது பெரும்பாலும் கல்லூரி மாணவருடையதாக இருக்கும்.

தோன்றலே இவற்றுள் ஆழமானது. தமிழ்99 பலகையில் அது இலக்கணமாகவே மாறிவிடுகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அந்த அமைப்பில், ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ஆங்கில ஓ இருக்குமிடத்தில் தமிழ் ட இருக்கிறது. அந்த விசை துள்ளத் தொடங்கினால் ‘காடு’ அடித்தவருக்குக் ‘காட்டு’ வரும். ‘மாடு’ ‘மாட்டு’ ஆகும். நெடில்தொடர்க் குற்றியலுகரம் ஒற்று இரட்டும் என்பதைப் பள்ளியில் கவனிக்காதவர்கூட இப்படி அறிந்துகொள்ளலாம். ‘படம்’ ‘பட்டம்’ ஆகும்போதுதான் ஐயம் எழுகிறது. அதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

இதற்கு மருந்து ஏற்கெனவே உள்ளது. க்னோம் திரைச்சூழலின் அணுகல் அமைப்புகளில் ‘பவுன்ஸ் கீஸ்’ என்பதை இயக்கினால், ஒரே விசை மிகக் குறைந்த இடைவெளியில் மீண்டும் அழுந்துவதைக் கணினி கண்டுகொள்ளாது. ‘படம்’ மீண்டும் படமாகும். ஆனால் வேகமாகத் தட்டுபவர் இப்போது உண்மையாகவே ‘பட்டம்’ அடித்தால் அதுவும் படமாகிவிடும். நோய் பட்டதாரிகளைப் பெருக்கியது, மருந்து பட்டத்தைப் பறிக்கிறது.

திரிதலுக்குச் சான்று ஒன்று போதும். எண் தொகுதி தனியாக இல்லாத பழைய மடிக்கணினிகளில் நம் லாக் விழுந்துவிட்டால் வலக்கைப் பக்க எழுத்துகள் எண்களாகும். தமிழ்99இல் ப, ம, த இருக்கும் விசைகள் 1, 2, 3; ற, ன, ட 4, 5, 6; ர பூச்சியம். ‘மரம்’ என்று அடித்தால் 202 வரும், இறுதிப் புள்ளிக்கு உட்கார இடமிருக்காது. இதைப் பழுது என்று கடைக்குத் தூக்கி வந்தோர் உண்டு. கடைக்காரர் எஃப்என்னோடு நம் லாக்கை ஒருமுறை அழுத்திக் கொடுத்துவிட்டு, அதற்குக் காசு கேட்கலாமா என்று தயங்கி நிற்கும் காட்சி, ரிச்சி தெருவின் அறவாழ்வுக்குச் சான்று.

விசாரணை முறை

எந்த விகாரமானாலும் குற்றம் எந்தத் தளத்தில் நடந்தது என்று காண்பதே லினக்ஸ் மரபு. பயாஸ் திரையிலேயே விசை தவறினால் இயங்குதளம் நிரபராதி. அதைத் தாண்டினால் டெர்மினலில் ஈவிடெஸ்ட் என்ற நிரலைக் கூப்பிட வேண்டும். உள்விசைப்பலகை தன் பெயரை ‘ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு’ என்று சொல்லும். ஏடி என்பது 1984இல் ஐபிஎம் வெளியிட்ட கணினி. போன வாரம் வாங்கிய மடிக்கணினியும் கேட்டால் அந்தக் குலப்பெயரைத்தான் சொல்கிறது.

அழுத்தினால் 1, விட்டால் 0, பிடித்துக்கொண்டே இருந்தால் 2 என்று ஈவிடெஸ்ட் எழுதும். ஒருமுறை தொட்டதற்கு 1, 0, 1, 0 வந்தால் விசை துள்ளுகிறது. 1க்குப் பின் 2, 2, 2 என்று ஓடினால் அடியில் எதுவோ ஒட்டியிருக்கிறது; மிக்சராக இருக்கலாம். ஈவிடெஸ்ட் சரியாகச் சொல்லித் திரை தவறாகக் காட்டினால் குற்றவாளி விசை அல்ல, மொழியமைப்பு. 0 வரவே வராத வழக்கு தனி. சில மடிக்கணினிகளின் சிறப்பு விசைகள் அழுத்தியதைச் சொல்லும், விட்டதைச் சொல்லாது. அவற்றுக்காக விசைப்பட்டியலில் பெயருக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி இடும் வழக்கம் உண்டு. ‘இது விட்டுவிட்டது என்று நாமே வைத்துக்கொள்வோம்’ என்பது அதன் பொருள்.

கர்னல் அறியாத விசையும் உண்டு. அப்போது டிமெஸ்க் பதிவில், அடையாளம் தெரியாத விசை அழுத்தப்பட்டது என்று குறித்துவிட்டு, அதை அறிமுகப்படுத்த எந்த ஆணையைத் தர வேண்டும் என்பதையும் அடுத்த வரியில் எழுதிவைக்கும். தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்பிக்கும் வழியையும் தானே சொல்லும் அறிஞரை நான் கருத்தரங்குகளில் பார்த்ததில்லை.

இரு மதங்கள்

கெடுதலுக்குத் தீர்வு காண்பதில் இரு மதங்கள் உள்ளன. ரிச்சி தெரு மதம் சுருக்கமானது: “கீபோர்டு போச்சுண்ணே, மாத்திடலாம். இன்னாது, லினக்ஸா? அத்தயும் எடுத்துட்டு விண்டோஸ் போட்டுக் குடுத்துர்றேன்.” ஒரு ட வராததற்கு இயங்குதளத்தையே எடுப்பது எந்தத் தருக்கத்தின்படி என்று கேட்டால், அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

மறுகுடியேற்ற மதத்தார் கெட்ட எழுத்துக்கு வேறு வீடு பார்ப்பர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பேதமில்லாததால் கேப்ஸ் லாக் தரிசாகக் கிடக்கிறது. அதன் எண் 3ஏ. லினக்ஸின் வன்பொருள் பட்டியலான யுடெவ் எச்டபிள்யூடிபி கோப்பில், 3ஏ இனி ஆங்கில ஓ என்று ஒரு வரி எழுதிப் பட்டியலைப் புதுப்பித்தால், கேப்ஸ் லாக்கில் ட குடியேறிவிடும். அந்த வரி ஓர் இடைவெளியோடு தொடங்கியே ஆக வேண்டும், விட்டுப்போனால் செல்லாது. கெட்டது இடைவெளிப் பட்டையே என்றால் அந்த வரியை எப்படித் தொடங்குவது என்பது இம்மதத்தாரின் தீராத சிக்கல். திரை விசைப்பலகை என்று ஒருவர் எளிதாகத் தீர்த்தார். அவரை மதத்தார் மதிப்பதில்லை.

2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததால், ஒரே வீட்டில் இரு மதங்களும் நிலவ இயன்றது. அப்பா பலகையை மாற்றக் கொண்டுபோவார், மகள் முந்தைய இரவே கோப்பை எழுதி முடித்திருப்பாள். விளைவு கடைக்காரருக்குப் புதிர். புத்தம் புதிய பலகையைப் பொருத்தி, சோதிக்கக் கேப்ஸ் லாக்கைத் தட்டுகிறார். விளக்கு எரியவில்லை, திரையில் ஆங்கில ஓ விழுகிறது. “இதுவும் டூப்ளிகேட் பீஸுடா” என்று பையனை அனுப்பி நரசிங்கபுரம் தெருவிலிருந்து இன்னொன்றை வரவழைக்கிறார். அதிலும் ஓதான் விழுகிறது.