நிற்பன இரைதல்: ஓர் உரைவிளக்கம்

நகர்வதற்கென்றே செய்த ஒரு பொருள் நகராமல் நின்று, நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டிருக்கும் நிலைக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. மெக்கானிக் 'ஐடிலிங்' என்பார். டிரைவர்கள் 'ஸ்டார்ட்லயே இருக்கு' என்பார்கள். மற்றவர்களாகிய நாம் 'வண்டி ஓடிக்கிட்டே இருக்கு' என்கிறோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சாலையில் செல்லும் காரைப் பார்த்து யாரும் 'ஓடுது' என்பதில்லை, அது 'போகுது'. நின்றால்தான் ஓடும். ஆங்கிலேயர் சோம்பல் என்று பெயர் வைத்ததை ஓட்டம் என்று கண்ட பெருமை நம்முடையது.

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், மேற்படி வண்டியின் கண்ணாடியைத் தட்டி 'கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்' என்று கேட்கும் தொழிலின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ஆய்வுக் களம் மயிலாப்பூர் மாட வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி, என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே. வீடு தரைத்தளம். தெருவில் ஒரு பல் மருத்துவர், ஒரு கணக்கு டியூஷன், ஒரே ஒரு புங்கமரம். ஒரு தெருவை வைத்து ஓர் இலக்கணமா என்று ஆட்சேபிப்போர் மாலை ஐந்தரை மணிக்கு வந்து என் மேசையருகே பத்து நிமிடம் மூச்சு விட்டுப் பார்க்கலாம்.

முதலில் பொருளின் இயல்பு. நிற்கும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 சுற்று சுற்றும். சிறிய பெட்ரோல் காரானால் மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும், ஏசியும் சேர்ந்தால் ஒரு லிட்டரை நெருங்கும். கடந்த தூரம் பூஜ்யம். ஷோரூமில் கால் வைத்ததும் 'லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?' என்று கேட்ட அதே ஆள்தான் இந்தக் காருக்குச் சொந்தக்காரர் என்பதை வாசகர் மனத்தில் கொள்க.

இதற்குப் பூர்வபட்சம் ஒன்று உண்டு: 'அணைச்சு அணைச்சு ஸ்டார்ட் பண்ணாத்தான் சார் அதிகம் குடிக்கும்.' இது பொய்யன்று, பழைய மெய். கார்புரேட்டர் காலத்தில், சோக்கை இழுத்து, செல்ஃப் எடுக்காமல் நாலு தடவை கனைத்து, பெட்ரோல் வாடை தெருமுனை வரை போன பிறகு கிளம்பிய வண்டிகள் அவை. டீசல் அம்பாசடரில் ஹீட்டர் காய்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பேட்டரி படுத்துவிட்டால் தள்ளுவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். அந்த நாளில் ஓடுகிற எஞ்சினை அணைப்பது, தூங்கவைத்த குழந்தையை எழுப்புவது போன்ற காரியம். 2000-ஐ ஒட்டி கார்களில் எரிபொருளை அளந்து தெளிக்கும் முறை பரவியது, அந்தக் கவலையும் போயிற்று. பத்து விநாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைத்துவிட்டு மறுபடி கிளப்புவதே சிக்கனம் என்று அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் அளந்து சொல்லியிருக்கிறது. பத்து விநாடி என்பது பிள்ளையார் முன் மூன்று தோப்புக்கரணம் போடும் நேரம். வண்டி மாறிவிட்டது, வண்டியைப் பற்றிய பயம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று அறியும் முறை இனி. டிரைவரைக் கேட்டால் 'இப்பத்தான் சார் வந்தேன்' என்பார். அது சான்றாகாது. காரின் அடியைப் பார்க்க வேண்டும். ஏசி ஓடும் காரில், காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் படிந்து கீழே சொட்டும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. முன்னோர் நாழிகை வட்டிலில் நீரை வைத்துப் பொழுதை அளந்தார்கள், நான் இன்னோவாவின் அடியில் அளக்கிறேன். நாலு சொட்டென்றால் உண்மையிலேயே இப்போதுதான் வந்திருக்கிறார். உள்ளங்கை அளவு என்றால் டியூஷனில் முதல் கணக்கு முடிந்துவிட்டது. தாம்பாள அளவு என்றால் பல் மருத்துவரிடம் வேர் சிகிச்சை. ஓடையாகி மழைநீர் வடிகாலை நோக்கி நகர்ந்து, காக்கை வந்து குடிக்கத் தொடங்கிவிட்டால் உள்ளே டிரைவர் தூங்கிவிட்டார். இந்த அளவுகோலின்படி டிரைவர்கள் சொல்லும் 'ரெண்டு நிமிஷம் சார்' என்பது ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு, சற்றும் குறைவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 126, நிற்கும் வண்டியைப் பற்றியது. நான் ஆவலோடு புரட்டினேன். பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், அல்லது எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தின் கவலை, ஆளில்லாத வண்டி தானாக உருண்டுவிடுமே என்பதுதான். புகையைப் பற்றி அந்தப் பிரிவுக்கு அபிப்பிராயம் இல்லை. ஆக, உரிமம் வைத்திருப்பவர் இருக்கையில் இருந்தால் போதும். அவர் விழித்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

இன்னொன்று. பெட்ரோல் காருக்குப் புகைச் சான்றிதழ் தரும்போது, எஞ்சினை நின்றபடியே ஓடவிட்டுத்தான் கார்பன் மோனாக்சைடை அளக்கிறார்கள். அதாவது நிற்பன இரைதலுக்கு அரசாங்கமே ஏற்பாடு செய்து காசும் வாங்கிக்கொள்ளும் இடம் புகைப் பரிசோதனை நிலையம். ஒருமுறை புகை வருகிறது என்று நான் சொன்னபோது ஓர் இளைஞர் டேஷ்போர்டிலிருந்து சான்றிதழை எடுத்துக் காட்டினார். ஆறு மாதம் செல்லும் என்று போட்டிருந்தது. என் நுரையீரலுக்கு அப்படியொரு தாள் கைவசம் இல்லாததால் திரும்பிவிட்டேன். (டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்துவிட்டது. இதைச் சொல்லி வாதாட முயன்றேன். 'இது பெட்ரோல் சார்' என்றார்.)

பிற தேயத்தார் வழக்கு. ஜெர்மனியில் சாலை விதியே தடுக்கிறது. சிங்கப்பூரில் அபராதம். டெல்லி அரசு 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள் என்று இயக்கமே நடத்தியது. ஆனால் இத்துறையின் தலைநகரம் நியூயார்க். அங்கே மூன்று நிமிடம் வரைக்கும் பொறுப்பார்கள், பள்ளிக்கூடத்தின் அருகே ஒரு நிமிடம்தான். லாரியோ பேருந்தோ அதற்கு மேல் இரைந்தால் சாதாரணக் குடிமகன் வீடியோ எடுத்து மாநகரத்துக்கு அனுப்பலாம், அபராதத்தில் கால் பங்கு அவருக்கு. அதற்கும் முன்னோடி ஜார்ஜ் பேக்கன்ஹாம். வங்கித் தொழில் செய்தவர். ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக நடந்து, நிற்கும் கார்களின் கண்ணாடியைத் தட்டி, சட்டத்தை எடுத்துச் சொல்லி, ஒவ்வொரு சந்திப்பையும் கணினி அட்டவணையில் ஏற்றியவர். 2012-ல் அது 'ஐடில் த்ரெட்' என்று ஆவணப்படமாகவும் வந்தது. நான் அவரை இத்துறையின் ஆதி ஆசிரியராக வணங்குகிறேன். கால் பங்கு ஏற்பாட்டை மட்டும் நம் ஊருக்குப் பரிந்துரைக்கமாட்டேன். மச்சானை வண்டியில் உட்காரவைத்து எஞ்சினை ஓடவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று படமெடுக்கும் ஜனங்கள் நாம்.

இனிச் செயல்முறை. தொல்காப்பியர் புறத்திணையை ஏழாகப் பகுத்தார், புறப்பொருள் வெண்பாமாலை அதைப் பன்னிரண்டாக்கியது. பன்னிரண்டில் நமக்கு வேண்டியவை இரண்டே: உழிஞை, நொச்சி. மதிலை முற்றுதல், மதிலைக் காத்தல். ஏற்றிவிட்ட கண்ணாடியே மதில். அதில் கறுப்பு ஃபிலிமும் ஒட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதே துறை ஐயம். ஃபிலிம் ஒட்டக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. தீர்ப்பு எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மதிலைத் தட்டும் முறையில் கவனம் வேண்டும். உள்ளங்கையால் தட்டினால் சண்டைக்கு வந்ததாகப் பொருள். மோதிரம் பட்டால் 'கீறல் விழுந்துச்சுன்னா யாரு குடுப்பா?' என்று பொருளே மாறிவிடும். நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு அரை அடி பின்வாங்கிச் சிரித்த முகத்தோடு நிற்றல். மூன்றாவது தட்டு தட்டினால் போலீஸ் என்று நினைத்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆய்வு நோக்கில் அது தோல்வி, மூச்சு விடும் நோக்கில் முழு வெற்றி.

சைகையில் ஒரு தலைமுறைச் சிக்கல் இருப்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சாவியைத் திருகுவதுபோல் காட்டுவேன். சாவியைத் திருகியே அறியாத, பட்டனை அமுக்கிக் கிளப்புகிற இளம் ஓட்டுநர் இதைப் பார்த்து, தான் பூட்டிய கேட் எதையோ திறக்கச் சொல்கிறேன் என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அடுத்தமுறை காலத்துக்கேற்ப ஒற்றை விரலால் பட்டனை அமுக்கிக் காட்டினேன். அவர் கண்ணை நான் குத்தப்போவதாக அவருக்குப் பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் தலையாயது விளி. தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் உண்டு. கார் வந்துவிட்டதால் அடியேன் ஒரு நூற்பா சேர்க்க நேர்ந்தது:

நின்றதன் இரைச்சல் நீக்கப் புகுவோன்
முன்னர்க் கொள்க முறைப்பெயர் விளியே.

என்றவாறு. 'முன்னர்' என்றதனால், காரணம் பின்னர் வந்தாலும் குற்றமில்லை என்பது பெறப்படும். 'ஹலோ' என்றால் கண்ணாடி இறங்காது. 'டிரைவர்' என்று மட்டும் கூப்பிட்டுவிடக்கூடாது, அது அவருடைய முதலாளி கூப்பிடும் பெயர், உங்களுக்கு அந்த உரிமை கிடையாது. 'சார்' என்றால் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கும், பேச்சு மட்டும் நுழையும். 'தம்பி' ஆபத்தானது. நரைக்கு மை பூசியவர் மகிழ்வார், உண்மையிலேயே தம்பியாக உள்ளவர் முறைப்பார். வயது, சம்பளம், கோபம் எதுவானாலும் செல்லுபடியாவது 'அண்ணே' ஒன்றுதான். என்னைவிட இருபது வயது இளையவர்களை அண்ணே என்று அழைத்திருக்கிறேன். இதனை ஜன்னல் வழியே பார்த்த என் மனைவி, ஆய்வு எந்தத் திசையில் போகிறது என்று அன்றே கேட்டாள்.

விடைகள் பலவகை. 'இப்ப வந்துடுவாங்க.' 'பேட்டரி வீக்கு.' 'உங்க வீட்டு வாசல்லயா நிக்கறேன்?' தத்துவ ஆழம் மிக்கது: 'ரோடு என்ன உங்களுதா?' இதற்கு என்னிடம் இன்றுவரை விடையில்லை. என்னுடையதல்ல, காற்றும்தான் என்னுடையதல்ல. ஆனால் கத்திரி வெயிலில் ஒரு பிற்பகல், வெள்ளை இன்னோவாவிலிருந்து வந்த விடை எந்த வகையிலும் அடங்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை முழுவதும் இறக்கினார்.

"அண்ணே, கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கிறீங்களா? புகை நேரா உள்ள வருது."

"பண்ணிடலாம் சார். பண்ணிட்டு நான் எங்க உக்காரட்டும்?"

வெயிலில் அணைத்து நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். ஏசிக்கான கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சினின் பெல்ட், எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நின்றது. தெருவில் உட்கார ஒரு கல்கூட இல்லை. போதாததற்கு, 'அம்மா வந்து ஏறும்போது உள்ள ஜில்லுனு இல்லைன்னா எனக்குத்தான் சார் திட்டு' என்றார். இரண்டு மாதமாக நான் முற்றுகையிட்டவர் அரசர் அல்லர், மதில் காவலர். அரசர்கள் எல்லோரும் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்கள்.

அன்று மாலை புங்கமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். பக்கத்தில் மூடி போட்ட மண்பானை, ஒரு எவர்சில்வர் டம்ளர். இது முறையான ஆய்வு ஆகாது, களத்தில் ஆய்வாளர் கைவைத்த குற்றம் இதில் உண்டு. ஆனால் இரண்டே நாளில் இன்னோவாக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். அம்மா படியிறங்கும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கிளப்பினால் போதும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் இன்னொருவர் வந்து அடிமரத்தில் சாய்ந்து நின்றார். புகை குறைந்தது. பதிலுக்குப் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பழைய பாட்டு வருகிறது, எந்த வீட்டு அம்மாவுக்கும் ஐயாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்ற விவரமும் வருகிறது. ஜன்னலை இப்போதும் சாத்தித்தான் வைத்திருக்கிறேன், காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

போன வாரம் தெருவுக்குப் புதிதாக ஒரு கார் வந்து, கண்ணாடி ஏற்றி, இரையத் தொடங்கியது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு, விரல் முட்டியைத் தயார்செய்து வாசலுக்கு வருவதற்குள் இன்னோவாக்காரர் எழுந்து போய்விட்டார். உள்ளங்கையால் பானெட்டில் ஓங்கி ஓர் அறை. முறைப்பெயர் இல்லை, சிரித்த முகம் இல்லை.

"யோவ், ஆஃப் பண்ணுயா. வீட்ல ஆளுங்க இருக்காங்கல்ல? இறங்கி வா இப்படி."

அந்த ஆள் உடனே அணைத்துவிட்டு இறங்கியும் வந்தார். 'யோவ்' என் விளிமரபில் இல்லை, இரண்டாம் பதிப்பில் சேர்க்க வேண்டும்.

வந்தவருக்கு உட்கார இடம் இல்லை என்று இன்னோவாக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மொட்டைமாடியில் கிடந்த, ஒரு பக்கக் கைப்பிடி உடைந்த நாற்காலியை எடுத்து வந்து போட்டேன். புது ஆள் அதில்தான் உட்கார வேண்டும் என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள்.