சிலுவாருக்குத் தண்ணீர் ஆகாதாம்

2014-இல் லீவைஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரி சிப் பெர்க் மேடையேறி, தாம் போட்டிருக்கும் ஜீன்ஸுக்கு ஒரு வயது இருக்கும், அது இன்னும் சலவை இயந்திரத்தைப் பார்த்ததில்லை என்றார். உலகமே வியந்தது. இதையே சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர் சொல்லியிருந்தால் லயத்து வீட்டுப் படியேற விட்டிருப்பார்களா? ரப்பர் பால் நாற்றத்தை நாகரிகம் என்று அழைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜீன்ஸைத் துவைக்கத் தயங்குகிறார்கள் என்றால், குற்றம் அதன் அவுரிச் சாயத்தின் மேல். அது நூலின் நடுவரை இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், உரசினால் கிளம்பிவிடும். ஈப்போ வெக்கையில் வியர்த்துப்போய் உட்கார்ந்தால் உங்கள் சிலுவாரில் பாதி நாற்காலிக்குச் சொந்தம். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். மாங்காய் நிற்கும், அவுரி நிற்காது.

வேறு வழியில்லை, துவைக்கத்தான் வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் சவர்க்காரம் போட்டு, ஊறவிடாமல் அலசி நிழலில் காயப்போடுங்கள். முதல் சில அலசலுக்கு நீலம் வந்தே தீரும். பிள்ளைகளின் பள்ளி வெள்ளைச் சட்டையை மட்டும் தயவுசெய்து அதோடு சேர்த்துப் போடாதீர்கள்.