மைனஸ் இருப்பும் மனுதாரரும்: புகாரியல் நோக்கில் ஒரு முன்னாய்வு

கேட்டு வாங்கிய கடனைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். கேட்காமலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் கடனைப் பற்றி எழுத அறிஞர் எவரும் முன்வராததால், வேறு சோலி இல்லாத இக்கட்டுரையாளர் அப்பொறுப்பை ஏற்கிறார். ஆய்வுப் பொருள்: சேமிப்புக் கணக்கின் இருப்பு, முன்னால் ஒரு சிறு கோட்டுடன் தோன்றும் நிலையும், அதைக் கண்டு கணக்குக்காரர் எழுதும் புகார் மனுவும். ஆய்வுக் களம்: வங்கிக் கிளை, குறிப்பாக, கயிறு கட்டிய பேனா கிடக்கும் அந்த மேசை.

முதலில் வரலாறு. இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் ‘ஓவர்டிராஃப்ட்’ வசதியை 1728இல் எடின்பரோவில் தொடங்கிவைத்த பெருமை ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கு உரியது. வில்லியம் ஹாக் என்ற வியாபாரி, தன் கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ள வங்கி அனுமதித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கேஷ் கிரெடிட். நம்மூர் அரிசி மண்டிக்காரரும் நூல் வியாபாரியும் வைத்திருக்கும் ‘சிசி அக்கவுண்ட்’ அந்த வம்சத்து வாரிசுதான். ஹாக் கேட்டார், வங்கி கொடுத்தது. நம் மனுதாரர் எதையும் கேட்கவில்லை. ஓவர்டிராஃப்டின் வரலாற்றில் இது பெரும் பாய்ச்சல் என்பதை ஸ்காட்லாந்துக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வகைக் கடன் செழித்து வளரும் மண், வேலை மாறியவரின் பழைய சம்பளக் கணக்கு. சம்பளம் வரும்வரை ‘ஜீரோ பேலன்ஸ்’ என்று கொஞ்சிய வங்கி, சம்பளம் நின்று சில மாதங்களானதும் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம், அபராதத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, டெபிட் கார்டுக்கு ஆண்டுச் சந்தா, அதற்கும் ஜிஎஸ்டி. இல்லாத பணத்துக்கு விதித்த அபராதத்தையும் அந்த இல்லாத பணத்திலிருந்தே கழிப்பது எப்படி என்பது தத்துவத் துறையினர் ஆராய வேண்டியது. பாஸ்புக் மெஷின் கரகரவென்று இழுத்து அச்சடித்துத் துப்பும் வரியில் ‘மின் பால் சிஎச்ஜி’, அதாவது மினிமம் பேலன்ஸ் சார்ஜ், என்று இருக்கும். மின்சாரத்தில் கறந்த பாலுக்குக் காசு பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்த முதியவரை இத்துறையின் முன்னோடியாகக் கொள்ளலாம்.

புகாரின் முதல் நிலை வாய்மொழி மரபைச் சேர்ந்தது. “சார், அது சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா எடுக்குது. நம்ம கையில ஒண்ணும் இல்ல.” இந்த வாக்கியம் ஊர் மாறினாலும் வங்கி மாறினாலும் மாறுவதில்லை. பாடபேதமே இல்லாத வாய்மொழி இலக்கியம் வேறு உண்டா தெரியவில்லை. இதில் வரும் சிஸ்டம் என்பது உருவமும் முகவரியும் அற்றது, எங்கும் நிறைந்தது. எடுக்கத் தெரியும், திருப்பிக் கொடுக்கத் தெரியாது. அதைக் கேள்வி கேட்பவரை மேனேஜர் பரிவோடு பார்த்து, “எதுக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க” என்பார்.

இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. நாம் கடிதம் எழுதக் கற்றது பள்ளியில், காய்ச்சலுக்கு லீவு கேட்டு. அந்தப் பயிற்சி ஆயுளுக்கும் விடாது. ஆகவே நம் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதும் ‘மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்றே தொடங்குகிறோம். பிறகு வேலை போனது, அப்பாவுக்கு ஆபரேஷன், மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது. எல்லாம் உண்மை. ஆனால் வங்கியின் கணினியில் இவற்றை நிரப்பக் கட்டம் கிடையாது. மனுவில் துயரம் எவ்வளவு நீளமோ, பதில் அவ்வளவு குட்டை என்பது இக்கட்டுரையாளரின் கருதுகோள். மூன்று பக்கம் எழுதியவருக்கு ‘விதிகளின்படியே பிடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். ‘கண்ணீருடன்’ என்று கையெழுத்திட்டால் அந்த ஒரு வரியும் வராது.

கண்ணீருக்கு இளகாத வங்கி, தேதிக்கு இளகும். 20.11.2014 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை ஒன்று உண்டு. அதன் விதிகள் 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் என எதிலாவது தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அபராதம் குறையும் தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. அப்படியானால் மைனஸ் எப்படித் தெரிகிறது? சில வங்கிகள் பாக்கியை ‘லீன்’ என்று ஓரமாகக் குறித்துவைத்து, கேஸ் மானியம் வந்து விழுந்ததும் கவ்விக்கொள்ளும். இது மைனஸ் இல்லையாம். மைனஸ் மாதிரி தெரியுமாம். அத்வைதிகள் கவனிக்க.

ஒப்பீட்டுக்கு, ஜன் தன் கணக்கைப் பார்க்கலாம். அதில் 10,000 ரூபாய் வரை ஓவர்டிராஃப்ட் கேட்கலாம். 2,000 ரூபாயைத் தாண்டினால் நிபந்தனைகள் உண்டு, வயது 65ஐத் தாண்டியிருக்கவும் கூடாது. கேட்டு வாங்கும் ஓ.டி.க்கு இத்தனை தகுதி. கேட்காமல் வருவதற்கு, கையில் காசில்லாமல் இருந்தால் போதும். இந்த அபராதம் இயற்கை விதி என்று எண்ணிவிட வேண்டாம். குறைந்தபட்ச இருப்பு வேண்டாம் என்று ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சில் அறிவித்தது. கனரா வங்கி 2025 ஜூன் முதல் அபராதத்தைக் கைவிட்டது. இரண்டும் இன்னும் திறந்துதான் இருக்கின்றன.

ஆகவே மனுவைப் பாதிப் பக்கத்தில் முடியுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், முன்தகவல் எந்தத் தேதியில் வந்தது, வரவில்லை என்றால் வரவில்லை, எவ்வளவு திரும்ப வேண்டும். நகலில் கிளை முத்திரையும் புகார் எண்ணும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 1995இல் தொடங்கி, மூன்று திட்டங்களாகக் கிளைத்து, 2021 நவம்பர் 12 முதல் ஒன்றாக்கப்பட்ட ஏற்பாடு அது. புகாரை இணையத்தில் அனுப்ப விரும்பாதவர் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கிக்குத் தபாலில் அனுப்பலாம். வக்கீல் மூலமாகப் போனால் ஏற்கமாட்டார்கள். நீங்களே வக்கீலாக இருந்து உங்கள் பணமே போயிருந்தால் விதிவிலக்கு. சந்தேகம் கேட்க 14448.

கட்டணம் கிடையாது. கணக்கு மைனஸில் இருக்கும்போதே தாக்கல் செய்யலாம்.